குப்பண்ணன் கையில் உரிந்த ரோடுகள்

சங்ககிரி பைபாஸில் லாரிப் பட்டறைகள் வரிசையாக நிற்கும் இடத்தில், டயர்க் கடைக்கும் பெயிண்டுக் கொட்டகைக்கும் நடுவே தகரம் போட்ட ஒரு கொட்டகையில், லாரிகளின் முன்கண்ணாடியில் விழுந்த விரிசலை ஒட்டிக் கொடுத்துப் பிழைத்துவந்த குப்பண்ணனின் வலதுகை ஆள்காட்டி விரலிலிருந்து, ஒரு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியச் சோற்றுக்குக் கை கழுவும்போது, வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் உரிந்து வந்தது. அதில் ஆந்திரா ரோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரல் அகலம்கூட இல்லாத தோலில், தெலுங்கு எழுத்துப் பலகை ஒன்று வந்து போனது, எருமை மந்தை ஒன்று வந்து போனது, மழை பிடித்துக்கொண்டது, மழையை ஒரு கோணல் வைப்பர் பாதி துடைத்தும் பாதி துடைக்காமலும் விட்டது. குப்பண்ணன் அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். பசி வேளையில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும் ஆள் அவர் இல்லை.

தட்டை எடுக்க வந்தவள் காவேரி. பின்சந்தில் மெஸ் நடத்துகிறவள், புருசன் பழனியப்பன் லாரி டிரைவர். தோலைப் பார்த்தவள் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்த வைப்பர் எங்கூட்டுக்காரரு வண்டியுதுங்க. மாத்துங்க மாத்துங்கன்னு மூணு மாசமாச் சொல்றேன், அந்த மனுசன் காதுல ஏறல."

"போன மாசம் அவன் கண்ணாடிய நாந்தான் ஒட்டினேன்."

"அப்பச் செரி," என்றாள் காவேரி, அதோடு சங்கதி தீர்ந்துவிட்டது என்பதுபோல. தோலை ரேசன் கார்டு உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அது ஏன் வந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு பெரிய கதை கிடையாது. கண்ணாடியில் கல் தெறித்து விரிசல் விட்டால், விரிசலின் மூக்கில் ஒரு கருவியைக் கவ்வ வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, ரெசின் என்கிற பசையைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, நீல லைட்டு காட்டி இறுகவைக்க வேண்டும். விரிசலின் கால் எதுவரை ஓடியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத்தான் தெரியும். அதனால் பைபாஸில் இந்த வேலை செய்கிற எவனும் கையுறை போடுவதில்லை. போடுகிறவனைப் புதுசு என்பார்கள். கையில் ஒட்டிய ரெசினைப் பெயிண்டு கரைக்கும் தின்னர் ஊற்றிக் கழுவுவார்கள். குப்பண்ணனுக்கு அதற்கும் பொறுமை இல்லை. விரல்களையும் நீல லைட்டுக்குக் கீழே நீட்டி, பசையை இறுகவைத்து, மெழுகு மாதிரிப் பிய்த்துப் போடுவார். பதினெட்டு வருசம் பசை மட்டும் வந்தது. பத்தொன்பதாம் வருசம் முதலில் அரித்தது, அப்புறம் நுனிகள் மரத்துப்போயின, அப்புறம் ரேகைகளின் வழியே வெடித்து ரத்தம் கசிந்தது, கடைசியில் பசையோடு தோலும் சேர்ந்து வந்தது. எந்தக் கண்ணாடியை ஒட்டினாரோ அந்தக் கண்ணாடி அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற ரோடு, அந்தத் தோலில் ஓடியது. நாற்பது நாள் ஓடும். நாற்பத்தோராம் நாள் வெறும் செத்த தோல்.

பின்சந்து லைன் வீடுகளில் இருந்த டிரைவர்களின் பெண்டாட்டிமார் ஒரு மாதத்துக்குள் இதற்குப் பழகிக்கொண்டார்கள். தோலைச் சமையலறை ஜன்னலில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்கள். கொண்டலாம்பட்டி பாலம் தெரிந்தால் உலை வைப்பது, தொப்பூர் கணவாய் தெரிந்தால் தண்ணீர் காயவைப்பது, மகாராஷ்டிராவில் மழை என்றால் மாமியாருக்குச் சேதி சொல்வது என்று ஒரு கிரமம் உண்டாயிற்று. பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்து ஒடியா லிபியில் நாலு எழுத்து கற்றுக்கொண்டன. ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு என்று பட்டணத்திலிருந்து வந்த ஒருத்தர் கேட்டதற்கு, அதில் புள்ளிதான் நகரும், இதில் அவர் பார்க்கிற வானம் தெரியும் என்று காவேரி சொன்னாள்.

டிரைவர்கள்தான் சும்மா இருக்கவில்லை. ஒருத்தன் ஓசூர் தாண்டி ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடினான். இங்கே ஜன்னலில் கட்டம் போட்ட துண்டு தெரிந்தது, அந்தத் துண்டு யார் வாங்கிக் கொடுத்தது என்பதில் தொடங்கிய சண்டை ஆடி பதினெட்டு வரை நடந்தது. டிரைவர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். டிரைவர் யார் பேரைச் சொல்கிறானோ அந்த ஆளிடம்தான் தோலைக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒருத்தன் பெண்டாட்டி பேரைச் சொல்லாமல் ஆத்தா பேரைச் சொன்னான். ஒருத்தன் வெகுநேரம் யோசித்துவிட்டு, எனக்கு யாருமில்லைங்க, நீங்களே வெச்சுக்கங்க என்றான். அந்தத் தோலைக் குப்பண்ணன் கொட்டகையின் தகரத்தில் ஒட்டி, நாற்பது நாளும் பார்த்தார். லாரி ஓனர் ஒருத்தர் வந்து எல்லா வண்டித் தோலையும் மொத்தமாக எனக்கே கொடுத்துவிடு, கேட்கிறதைத் தருகிறேன் என்று உட்கார்ந்தபோது, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துவிட்டு, "எந்திரிச்சுப் போங்க, நான் டிரைவருங்க கூடப் பேரம் பேசிப் பொழைக்கறவன், டிரைவர வெச்சுப் பேரம் பேசறவன் இல்ல," என்றார். கோபம் வந்தால் குப்பண்ணனுக்கு மரியாதையும் கூடவே வரும். அதனால்தான் ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

எல்லோருக்கும் ரோடு கொடுத்த கை அது. ஆனால் அந்தக் கையை யாரும் தொடுவதில்லை. டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் இல்லை, ஆனால் அவர் குடித்து வைத்த டம்ளரை இரண்டு முறை கழுவினார்கள். தோலை வாங்க வருகிற பெண்கள் கிண்ணத்தை நீட்டினார்கள், போடச் சொன்னார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள், போனார்கள். வீட்டில் அவருக்குச் சோற்றைப் பிசையக்கூட முடியாமல் எரிந்தது, ஸ்பூனில் சாப்பிட்டார். பெண்டாட்டி செத்துப் பதினைந்து வருசம். மகள் மேகலா போய் ஆறு வருசம்.

செத்துப்போகவில்லை, போய்விட்டாள். மாதேசன் என்கிற தருமபுரிக்காரன் லாரியில் ஏறி. வேறு சாதி ஆட்கள். அன்றைக்கு நடுரோட்டில், டயர்க் கடை, பெயிண்டுக் கடை எல்லாம் வேடிக்கை பார்க்க, லாரியின் இடப்பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு குப்பண்ணன் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தாயில்லாமல் வளர்த்த பிள்ளையைப் பார்த்து எந்த வாயும் பேசக்கூடாதது. மேகலா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அந்த லாரியிலேயே புருசனோடு வடக்கே சுற்றுகிறாள், வண்டிதான் வீடு, ஸ்டவ் வைத்துச் சமைக்கிறாள் என்று யார் யாரோ சொன்னார்கள். எத்தனை கண்ணாடி ஒட்டியும், அந்த ஒரு வண்டி அவர் கொட்டகைக்கு வரவில்லை. மேகலாவின் ரோடு மட்டும் அவர் கையில் ஓடவில்லை.

தை மாதம் கை வீங்கி முழங்கை வரை சிவந்துபோய், காவேரி அவரைச் சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரிந்து நின்ற ஒரு தோலில் யாரோ ஒருவருடைய ரோட்டில் கரும்பு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார், சீட்டில் எழுதினார்.

"அலர்ஜி. நீங்க தொடுற பசை ஒத்துக்கல. இனி அதைத் தொடக்கூடாது."

"கையுறை போட்டுக்கறனுங்க."

"நீங்க வாங்கற மெல்லிசு கையுறைய அந்தப் பசை கொஞ்ச நேரத்துல ஊடுருவிரும். கையுறை போட்டிருக்கோம்னு நெனச்சுட்டு உள்ள ஊறிக்கிட்டு இருப்பீங்க."

"அப்ப தினமும் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு கண்ணாடி."

"இல்ல."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், மாசத்துக்கு ஒண்ணு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அய்யா, இது வாழைத்தார் ஏலம் இல்ல. ஒரு தடவை ஒத்துக்காமப் போச்சுன்னா ஆயுசுக்கும் ஒத்துக்காது. நீங்க மறந்தாலும் உடம்பு மறக்காது. அடுத்த தடவை ஒரு சொட்டு போதும், கையோட நிக்காது. கண்ணு வீங்கும், மூச்சு இழுக்கும்."

"உடம்பும் என்னைய மாதிரிதான்னு சொல்லுங்க," என்றார் குப்பண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டு எழுந்தார்.

கண்ணாடி ஒட்டுவதை விட்டார். ரியர்வியூ கண்ணாடி மாற்றுவது, ரப்பர் போடுவது என்று பசை படாத வேலைகளை வைத்துக்கொண்டார். ஜன்னல்களில் இருந்த தோல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து கேட்டுப் பார்த்தார்கள், அப்புறம் அவரவர் போனை எடுத்துப் பழையபடி, எங்க இருக்கீங்க, சாப்புட்டீங்களா என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். காவேரி ஜன்னலில் ஒட்டியிருந்த பருக்கைகளைச் சுரண்டிக் கழுவினாள். ஆறு மாதத்தில் குப்பண்ணனின் கையில் புதுத் தோல் வந்தது. ரேகை திரும்ப வரவில்லை, ஆனால் சோற்றைப் பிசைய முடிந்தது. தோல் கேட்டுக் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை. டீக்கடையில் டம்ளரை ஒரு முறை கழுவினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பன்னிரண்டு சக்கர லாரி கொட்டகை முன்னால் வந்து நின்றது. இறங்கியவன் மாதேசன். ஆறு வருசத்தில் தொப்பை போட்டிருந்தான்.

"மாமா, கண்ணாடி ஒண்ணு ஒட்டணும்."

"யாருக்கு யாரு மாமா?"

"சரிங்கண்ணா. கண்ணாடி ஒட்டணும்."

குப்பண்ணன் வண்டியைப் பார்த்தார். இடப்பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. கண்ணாடியில், அந்த இருக்கையில் உட்கார்ந்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிற இடத்தில், ஐந்து கால் விட்ட நட்சத்திர விரிசல்.

"நான் தொழில விட்டு ஆறு மாசமாச்சு."

"தெரியும். நாக்பூர் தாபாவுல பேசிக்கிட்டாங்க. தோலு சமாச்சாரம், டாக்டர் சமாச்சாரம், எல்லாம் அவளுக்கும் தெரியும். கேட்டுப் பாரு, முடியாதுன்னா திரும்பி வந்துரு, கெஞ்சாதேன்னு சொல்லித்தான் அனுப்புனா."

"அப்பக் கெஞ்ச மாட்டே."

"மாட்டேன்."

"அவ புத்தி உனக்கும் ஒட்டிக்கிச்சு." குப்பண்ணன் பம்பரில் கையை ஊன்றினார். "எங்க அவ?"

"சேலத்துல எறங்கிட்டா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பா."

"வண்டிய மட்டும் அனுப்பி வெச்சாளா."

"பேச்சு வார்த்தை கிடையாது, பாக்கணும்னா நான் போற ரோட்டப் பாத்துக்கட்டும்னு சொன்னா."

"ஒரு அஞ்சு நிமிசம் வரச் சொல்லு."

"வர மாட்டா."

"போன்ல?"

"மாட்டா."

"போன்ல அவ பேச வேண்டாம். நான் பேசறேன், கேட்டுக்கிட்டு இருக்கட்டும்."

மாதேசன் தலையைச் சொறிந்தான். "இதுக்கு மேல எறங்க மாட்டா மாமா. எங்கிட்டயே எறங்க மாட்டா. நானே சிலசமயம் ரெண்டு ஸ்டேட்டு தாண்டற வரைக்கும் பேச்சில்லாமத்தான் ஓட்டறேன்."

குப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஏணியைப் போட்டு ஏறினார். உள்ளே வெயில் மறைப்பில் ஒரு சீப்பு செருகியிருந்தது, அதில் நீளமாக இரண்டு முடி சுற்றியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏணியில் நின்றார். பிறகு இறங்கி, மூலையில் மூட்டை கட்டிப் போட்டிருந்த சாமான்களைப் பிரித்தார்.

"கையுறை இருக்குதுங்களா மாமா?"

"விரிசலோட காலு எங்க போய் நிக்குதுன்னு கையுறைக்கு எப்படித் தெரியும்?"

வெறும் விரலால் ஐந்து கால்களையும் தடவினார். நாலு கால் குட்டை. ஐந்தாவது கால் நீளமாக, அந்த இருக்கையில் இருப்பவள் தலை சாய்த்தால் படுகிற இடம் வரைக்கும், ஒளிந்து ஒளிந்து போயிருந்தது. ரேகையில்லாத விரல் அதைத் தப்பாமல் கண்டுபிடித்தது. கருவியைக் கவ்வ வைத்தார், காற்றை உறிஞ்சினார், சொட்டுச் சொட்டாக ரெசினை இறக்கினார். சொட்டு விரலில் வழிந்தது. துடைக்கவில்லை. நீல லைட்டைக் கண்ணாடிக்குக் காட்டியபின், தன் கைகளை அதன் கீழே நீட்டி, வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

மாதேசன் சட்டைப் பைக்குள் கையை விட்டபோது, "அத வெளிய எடுத்தீன்னா கையை ஒடிச்சுருவேன் மாப்ள," என்றார். மாப்ள என்று வாயில் வந்ததை இருவருமே காதில் விழாத மாதிரி விட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா சொன்னது ஒன்றும் பொய்யில்லை. பொழுது சாய்வதற்குள் கை பழுத்த மிளகாய் நிறம் ஆயிற்று. மறுநாள் கண் இரண்டும் மூடிக்கொண்டன, தொண்டைக்குள் யாரோ கயிறு போட்டு இழுப்பதுபோல மூச்சு வந்தது. காவேரிதான் ஆட்டோ பிடித்து அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஊசி போட்டுப் படுக்கவைத்தபோது டாக்டரம்மா திட்டினார், காவேரி அதைவிட அதிகமாகத் திட்டினாள், "உங்களுக்கென்னங்க, செத்தாலும் தூக்கறதுக்கு நாலு டிரைவருங்க லோடு எறக்கிட்டு வரோணும்," என்றாள். குப்பண்ணன் வீங்கிய கண்ணோடு இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் விரித்துவைத்துக்கொண்டு, எப்போது உரியும் என்று காத்துக்கிடந்தார்.

ஒன்பதாம் நாள் உரிந்தது. உள்ளங்கையே முழுதாக, ஓரிடத்திலும் கிழியாமல், பூவரச இலை அகலத்துக்கு வந்தது. அவ்வளவு பெரிய தோல் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. அதில் ஒரு வெள்ளரி வயலும், அதற்கப்பால் கிழக்கே ஒரு மலையும், மலைமேல் ஒரு மேகமும் தெரிந்தன.

கைகளில் துணி சுற்றிக்கொண்டு, கொட்டகையில் உட்கார்ந்து, அவர் நாள் முழுதும் அந்தத் தோலைப் பார்த்தார். முன்கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒட்டியது ஆதலால் ரோட்டின் நடுவைவிட ஓரம்தான் அதிகம் தெரிந்தது. ஓரத்தில் நடந்து போகிறவர்கள், மைல்கல், பாலத்துச் சுவர், பூ விற்கிறவள், நாய். ஆறு வருசமாக இவள் இந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வண்டி நின்றால், எதற்கு நின்றது, தண்ணீர் பிடிக்கிறாளா, உடம்பு சரியில்லையா என்று மனசு அடித்துக்கொள்ளும். கண்ணாடி வெளியேதான் பார்க்கும். உள்ளே இருக்கிறவளை ஒருநாளும் காட்டாது. ஒரு முறை, எங்கோ ஆற்றுப் பாலத்தின்மேல், வெளியிலிருந்து ஒரு ஈரத் துணி வந்து கண்ணாடியைத் துடைத்தது. துணியைப் பிடித்திருந்த விரல்கள் நாலு தெரிந்தன. துடைத்துவிட்டுப் போய்விட்டன.

நாட்கள் போயின. குப்பண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பது, முப்பத்தொன்று. வண்டி இந்தூர், சூரத் என்று இன்னும் தூரமாகப் போயிற்று. முப்பத்தைந்தாம் நாள் தெற்கே திரும்பியது. முப்பத்தெட்டாம் நாள் காலையில் தொப்பூர் கணவாய் இறங்கியது. தோலின் ஓரங்கள் ஏற்கெனவே வெளுக்க ஆரம்பித்திருந்தன. கொண்டலாம்பட்டி பாலம் தெரிந்தது; லைன் வீடுகளில் இப்போது யாரும் உலை வைக்கவில்லை. அப்புறம் பெட்ரோல் பங்குகள், புளிய மரங்கள், அப்புறம் சங்ககிரி மலை, டயர்க் கடை, பெயிண்டுக் கொட்டகை.

அப்புறம், ரோட்டுக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிற மாதிரி, தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். கையில் துணி, சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை, கழுத்து ஒடிந்த மாதிரி குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். யார் இந்த ஆள், இப்படித் தேய்ந்துபோய் இருக்கிறான் என்று குப்பண்ணன் ஒரு நொடி நினைத்தார்.

அப்புறம்தான் எதிர்ப்புறத்தில் ஒரு லாரி எஞ்சின் அணையாமல் உறுமுவது காதில் விழுந்தது.

அவர் தலை நிமிரவில்லை. பேரத்தில் இரண்டு பேரும் குனிந்துகொண்டிருக்கும்போது முதலில் நிமிர்ந்து பார்க்கிறவன் இறங்கி வந்தவன். இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட அவர் முதலில் நிமிர்ந்ததில்லை. தோலில் அந்தக் கிழவன் குனிந்தபடியே இருந்தான். பஸ் ஒன்று நடுவே போனது, கிழவன் மறைந்து திரும்பத் தெரிந்தான். அப்படியே குனிந்திருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அவன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. நிமிரேண்டா, என்றார் வாய்க்குள்.

நிமிர்ந்தார். எதிர்ப்புறத்தில், இந்தப் பக்கமாக மூக்கைத் திருப்பி நின்ற லாரியின் முன்கண்ணாடி முழுதும் வெயில். உள்ளே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அவர் ஒட்டிய இடம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார். இவருக்குத் தெரியாவிட்டாலும் அங்கிருந்து இவர் தெரிவார் என்பது மட்டும் தெரியும்.

எழுந்து ரோட்டோரம் வரைக்கும் போனார். பல்லால் கடித்துத் துணியைப் பிரித்தார். இரண்டு கைகளையும் தூக்குவதற்குத் தோலை விட வேண்டியிருந்தது. விட்டார். கடந்து போன டேங்கரின் காற்றில் அது எழும்பி, ரோட்டின் நடுச்சுவரைத் தாண்டி எங்கோ போனது. அது போன திசையை அவர் பார்க்கவில்லை. சிவந்து, வெடித்து, ரேகை ஒன்றுகூட இல்லாத இரண்டு உள்ளங்கைகளையும் அந்த வெயில் கண்ணாடிக்கு நேராக விரித்துக் காட்டியபடி நின்றார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. டயர்க் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். காற்றுப் பட்டுக் கை எரிந்தது.

எதிர்ப்புறத்து வண்டி நகரவில்லை. அவரும் கையை இறக்கவில்லை.